ஆல் ஸ்மித்: மீன் சந்தையிலிருந்து வந்த ஒரு பதில்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் நியூயார்க் நகரில் ஒரு பெரிய விருந்து நடைபெறுகிறது. அந்த உயர்மறைமாவட்டத்தின் பேராயர் முன்னின்று நடத்தும் விருந்து அது. அதில் சேரும் பணம் ஏழைக் குழந்தைகளுக்கான கத்தோலிக்க அறப்பணிகளுக்குச் செல்கிறது. அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் வந்து, பேராயருக்கு இருபுறமும் அமர்ந்து, ஒருவரையொருவர் கேலி செய்து பேசி அவையைச் சிரிக்க வைப்பார்கள். மறுநாள் காலையிலிருந்து மீண்டும் சண்டைதான். 1960-ஆம் ஆண்டில் கென்னடியும் நிக்சனும் அப்படி அமர்ந்தார்கள். அந்த விருந்து யாருடைய பெயரால் நடத்தப்படுகிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அதிபர் தேர்தலில் படுதோல்வி அடைந்த ஒருவரின் பெயர் அது. கத்தோலிக்கர் என்பதற்காகவே ஊர் ஊராக வெறுக்கப்பட்ட அந்த மனிதர்தான் ஆல்பிரட் எமானுவேல் ஸ்மித். மக்கள் அவரை ஆல் ஸ்மித் என்றே அழைத்தார்கள்.

அவரைப் பற்றி நாம் இங்கே சிந்திக்க ஒரு காரணம் உண்டு. ஒரு கத்தோலிக்கர் தன் நாட்டுக்கு முழு மனதோடு உண்மையாய் இருக்க முடியுமா, அல்லது அவருடைய உண்மையான தலைவர் உரோமையில் இருக்கிறாரா? இந்தக் கேள்வி அவரிடம் நேருக்கு நேராக, எல்லாரும் படிக்கும் ஒரு பத்திரிகையில் கேட்கப்பட்டது. எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காத அவர் அதற்கு ஒரு பதில் சொன்னார். அந்தப் பதிலை நம் திருச்சபை தன் சொந்த வார்த்தைகளில் சொல்வதற்கு மேலும் 38 ஆண்டுகள் ஆயின.

ஆல் ஸ்மித் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஆற்றங்கரையை ஒட்டிய சவுத் தெருவில் பிறந்தார். அப்போது அங்கே புரூக்ளின் பாலம் கட்டப்பட்டுக் கொண்டிருந்தது. பாலமும் பையனும் ஒன்றாக வளர்ந்தார்கள் என்று சொல்லலாம். பாலம் திறக்கப்பட்ட 1883-இல் அவருக்கு வயது ஒன்பது. தந்தை குதிரை வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழில் செய்தவர். தந்தை வழியில் இத்தாலிய, ஜெர்மானிய இரத்தம். தாய் கேத்தரின் அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் மகள். அந்த வட்டாரமே அப்படித்தான். பஞ்சத்திற்கும் வறுமைக்கும் தப்பிக் கப்பலேறி வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அவர்களுக்கு ஆலயம் வழிபடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம், நாடக மேடை, ஊர்ச் சாவடி, கஷ்ட காலத்தில் கதவைத் தட்டும் வீடு எல்லாமே அதுதான்.

புனித யாக்கோபு ஆலயம்தான் ஆல் ஸ்மித்தின் பங்கு ஆலயம். அங்கே அவர் பீடச்சிறுவன். அதிகாலைத் திருப்பலிக்குக் குளிரில் எழுந்து ஓடுவார். பங்குப் பள்ளியில் படித்தார். பங்கு நாடகக் குழுவில் பிற்காலத்தில் அவர் நடித்த வேடங்கள் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றவை. மேடைப் பேச்சுக்குத் தேவையான குரலும் துணிவும் அங்கேதான் அவருக்குக் கிடைத்தன. நம் பங்குகளிலும் இளைஞர் மன்ற நாடகத்தில் பேசிப் பழகி, பின்பு பெரிய மேடை ஏறியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அவருக்கு 13 வயது நிறைவதற்குச் சற்று முன் தந்தை இறந்தார். தாய் குடை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அந்த வருமானம் போதவில்லை. மகன் பள்ளியை விட்டான். சில சிறு வேலைகளுக்குப் பின் ஃபுல்டன் மீன் சந்தையில் இடம் கிடைத்தது. விடியுமுன் எழுந்து, மீன் பீப்பாய்களை உருட்டி, கணக்கு எழுதி, வாரம் 12 டாலர் சம்பாதித்தான். வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர் இறைச்சி உண்ணாத நாள் அல்லவா? அதற்கேற்ப மீன் வியாபாரம் சூடாக இருக்கும். பின்னாளில் சட்டமன்றத்தில் பெரிய பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தங்கள் பட்டங்களைச் சொல்லிக் கொண்டிருந்தபோது, தனக்கும் ஒரு பட்டம் உண்டு, அது ஃபுல்டன் மீன் சந்தைப் பட்டம் என்று அவர் சொல்லிச் சிரிக்க வைத்ததை நியூயார்க் மக்கள் நெடுநாள் பேசினார்கள். 1900-ஆம் ஆண்டு மே மாதம் கேத்தரின் டன் என்ற பெண்ணை மணந்தார். அவரும் அதே போன்ற அயர்லாந்துக் குடும்பம். ஐந்து பிள்ளைகள். கடைசி வரை அவர் மனைவியை கேட்டி என்றே அழைத்தார்.

அரசியலுக்கு அவர் வந்த வழி தூய்மையான வழி என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் நகரின் ஜனநாயகக் கட்சியை அந்நாளில் டாமனி ஹால் என்ற அமைப்பு ஆட்டிப்படைத்தது. வேலை வேண்டுமா, வாடகை கட்ட உதவி வேண்டுமா, அவர்களிடம் போகலாம்; பதிலுக்கு வாக்குப் போட வேண்டும். ஊழல் மலிந்த அமைப்பு அது. அதே சமயம், வந்தேறிகளை மனிதராக மதித்த ஒரே அமைப்பும் பல வேளைகளில் அதுவாகவே இருந்தது. அதன் தயவில்தான் ஆல் ஸ்மித் 1903-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே போனதும் திகைத்துப் போனார். மேசை மீது குவிந்த மசோதாக்களின் சட்ட மொழி ஒன்றுமே புரியவில்லை. அறைக்கு எடுத்துச் சென்று இரவிரவாகப் படித்தார். சில ஆண்டுகள் அவையில் ஏறக்குறைய வாய் திறக்கவேயில்லை. பின்பு வாய் திறந்தபோது, அந்த மாநிலத்தின் நிர்வாகத்தை அவரைப் போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்ற நிலை வந்திருந்தது. 1913-இல் அவைத் தலைவரானார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு துயரம் அவரை மாற்றியது. 1911-ஆம் ஆண்டு மார்ச் 25, சனிக்கிழமை. ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் தொழிற்சாலை இருந்தது. தீயணைப்பு ஏணியோ ஆறாம் மாடி வரைதான் எட்டியது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள், யூத, இத்தாலிய வந்தேறிக் குடும்பங்களின் பிள்ளைகள். பலர் தீயில் கருகுவதைவிட மேல் என்று சன்னல் வழியே குதித்தார்கள். ஆல் ஸ்மித் அந்தக் குடும்பங்களின் வீடுகளுக்கு நடந்தே போனார். அவர் வளர்ந்தது போன்ற வீடுகள்தான் அவை. பிணவறைக்கும் பெற்றோரோடு போய் நின்றார்.

மாநிலம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. இராபர்ட் வாக்னர் தலைவர், ஆல் ஸ்மித் துணைத் தலைவர். பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற இளம்பெண் அவர்களைத் தொழிற்சாலைகளுக்கு இழுத்துக் கொண்டு போனார். தீ விபத்தில் தப்பிக்கும் வழி என்று எழுதியிருந்த ஒரு சிறு துவாரத்தின் வழியே வாக்னரையே ஊர்ந்து போகச் செய்து, அந்தப் பக்கம் இருப்பது பனி உறைந்த ஏணி என்பதைக் கண்ணால் காணச் செய்தார். விடியற்காலையில் குழந்தைகள் பதனத் தொழிற்சாலைகளில் வேலை செய்வதைக் காட்டினார். அந்தக் குழுவின் உழைப்பால் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் பிறந்தன.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, உணவைப் பதனப்படுத்தும் தொழிற்சாலை முதலாளிகள் தங்களுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள். ஆல் ஸ்மித் எழுந்தார். ஓய்வு நாளைத் தூயதாகக் கடைப்பிடி என்ற கட்டளையைத் தாம் மிகக் கவனமாகப் படித்துப் பார்த்ததாகவும், அதில் இந்தத் தொழிற்சாலைகள் நீங்கலாக என்ற சொற்கள் எங்கேயும் காணப்படவில்லை என்றும் சொல்லி அமர்ந்தார். விலக்குக் கிடைக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளைகளைச் சட்டமன்றத்தில் அவர் பயன்படுத்திய விதம் அது. யார் மீதும் தன் மதத்தைத் திணிக்கவில்லை. அவையில் இருந்த யூதரும் புரோட்டஸ்டண்ட் சகோதரரும் அந்தக் கட்டளையை அறிந்தவர்கள்தான்.

1918-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், நம் நாட்டின் முதலமைச்சரைப் போல. 1920-இல் தோற்று, பின்பு 1922, 1924, 1926 என்று தொடர்ந்து வென்றார். பூங்காக்கள், மருத்துவமனைகள், பள்ளிகளுக்கு நிதி, சிக்கனமான நிர்வாகம் என்று அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. நாம் ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்கிறோம். 1920-இல் சோசலிசக் கட்சியைச் சேர்ந்த ஐந்து உறுப்பினர்களை, அவர்களுடைய கொள்கைக்காகவே, சட்டமன்றம் வெளியேற்றியது. ஆல் ஸ்மித் சோசலிசத்தை ஏற்காதவர். அன்றைய திருச்சபையும் அதைக் கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை அவர்களுடைய கருத்துக்காக வெளியே தள்ளுவது தவறு என்று ஆளுநர் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறருடைய மனச்சான்றுக்காக வாய் திறந்த அவருக்கு, தன்னுடைய மனச்சான்றைக் குறித்து விசாரணை வந்தது சில ஆண்டுகளுக்குப் பின்.

அன்றைய அமெரிக்காவைக் கொஞ்சம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். 1915-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற அமைப்பு மீண்டும் உயிர்பெற்றது. கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய பழைய அமைப்பின் பெயர்தான் அது. புதிய அமைப்பு கறுப்பினத்தவரோடு யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வந்தேறிகளையும் எதிரிகளாக எழுதிக் கொண்டது. 1920-களில் அதில் பல இலட்சம் பேர் சேர்ந்தார்கள். தெற்கே மட்டுமல்ல, இந்தியானா, ஓரிகன் போன்ற மாநிலங்களிலும். ஓரிகனில் 1922-இல் பிள்ளைகள் எல்லாரும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று ஒரு சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடுவதே அதன் நோக்கம். அருட்சகோதரிகள் வழக்குத் தொடுத்தார்கள்; 1925-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 1924-இல் இத்தாலி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து வருவோரின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. மது விற்பனையோ 1920-லிருந்தே நாடெங்கும் தடை செய்யப்பட்டிருந்தது. மதுவிலக்கை நாட்டுப்புறப் புரோட்டஸ்டண்ட் சபைகள் அறப்போராகக் கண்டன. நகரத்துக் கத்தோலிக்கத் தொழிலாளியோ, தன் வீட்டு மேசை மீது கை வைக்கும் சட்டமாக அதைக் கண்டார். ஆல் ஸ்மித் வெளிப்படையாகவே மதுவிலக்கை எதிர்த்தவர். மதம், ஊர், பழக்கவழக்கம், வாக்குச் சீட்டு எல்லாம் பின்னிப் பிணைந்து கிடந்த காலம் அது.

1924-இல் ஜனநாயகக் கட்சி மாநாடு நியூயார்க்கில் கூடியபோது, கு க்ளக்ஸ் க்ளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது தோற்றது. ஆல் ஸ்மித்தின் பெயரை அங்கே முன்மொழிந்தவர் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்து, ஊன்றுகோல்களோடு மேடைக்கு வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 103 முறை வாக்கெடுத்தும் முடிவுக்கு வரமுடியாமல், கடைசியில் வேறொருவர் வேட்பாளரானார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதம் வந்தது. 1927 ஏப்ரல் மாத அட்லாண்டிக் மந்த்லி இதழில் சார்லஸ் மார்ஷல் என்ற வழக்கறிஞர் ஆல் ஸ்மித்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தவர். சிலுவையைக் கொளுத்தும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல, மரியாதையாகவே எழுதினார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் சுற்றுமடல்களை எடுத்து வைத்துக் கேட்டார். எல்லா மதங்களும் அரசின் முன் சமம் என்பதை உங்கள் திருச்சபை ஏற்கவில்லையே, அரசும் திருச்சபையும் மோதினால் நீங்கள் எதற்குக் கீழ்ப்படிவீர்கள் என்பதே அந்தக் கேள்வியின் சாரம்.

நாம் நேர்மையாகப் பேச வேண்டும். அந்தக் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. கத்தோலிக்கம் அரசின் மதமாக இருப்பதே சிறந்த நிலை, பிற மதங்களைப் பொறுத்துக் கொள்ளலாம் என்பதே அன்றைய இறையியல் நூல்களில் இருந்த போதனை. தொழிலாளர் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த அமெரிக்க அருள்தந்தை ஜான் ரயன்கூட 1922-இல் வெளிவந்த ஒரு நூலில் அப்படியே எழுதியிருந்தார். அதனால் இந்தக் கேள்வியை வெறும் காழ்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

மடலைப் படித்த ஆல் ஸ்மித் முதலில் பதில் எழுதவே விரும்பவில்லையாம். சுற்றுமடல் என்றால் என்ன என்று அவர் தன் நண்பர்களிடம் கேட்டார் என்றொரு கதையும் உண்டு. வாழ்நாளெல்லாம் ஞாயிறு தவறாமல் திருப்பலி கண்டவர், பிள்ளைகளைப் பங்குப் பள்ளியில் படிக்க வைத்தவர், ஆனால் அந்த ஆவணங்களை ஒருபோதும் கண்ணால் பார்த்ததில்லை. அவரை மட்டும் நாம் குறை சொல்ல முடியுமா? நம்மில் எத்தனை பேர் ஒரு சுற்றுமடலை முழுமையாகப் படித்திருக்கிறோம்? இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல் எதைக் கேட்டதோ, அதைத்தான் இவர் ட்ரையாங்கிள் தீக்குப் பின் சட்டமாக்கிக் கொண்டிருந்தார்.

பதில் எழுத அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஜோசப் ப்ராஸ்கவர் என்ற யூத நீதிபதி. மற்றொருவர் முதல் உலகப் போரில் நியூயார்க் படைப்பிரிவின் ஆன்ம குருவாக இருந்து புகழ்பெற்ற அருள்தந்தை பிரான்சிஸ் டஃபி. ஒரு கத்தோலிக்கரின் நம்பிக்கையை ஒரு புரோட்டஸ்டண்ட் வழக்கறிஞருக்கு விளக்க ஒரு யூதர் உதவினார் என்பதே, அந்த மடலில் எழுதப்படாத பாதிப் பதில். மே மாத இதழில் பதில் வெளியானது. தன் பொதுவாழ்வில் தன் நம்பிக்கைக்கும் தன் பதவிப் பிரமாணத்துக்கும் ஒருபோதும் மோதல் வந்ததில்லை என்றார் ஆல் ஸ்மித். எல்லாருக்கும் முழுமையான மனச்சான்று உரிமை உண்டு, சட்டத்தின் முன் எல்லாச் சபைகளும் சமம், அரசும் திருச்சபையும் தனித்தனியே இருக்க வேண்டும், அரசுப் பள்ளிகள் நாட்டின் அடித்தளங்களில் ஒன்று. இவற்றை ஓர் அமெரிக்கக் கத்தோலிக்கனாகவே நம்புவதாக எழுதினார். யாரும் தன் மத நம்பிக்கைக்காக இனி ஒருபோதும் இந்த நாட்டில் கேள்விக்கு உள்ளாக்கப்படக் கூடாது என்ற வேண்டுதலோடு மடலை முடித்தார்.

அந்த வேண்டுதல் உடனே கேட்கப்படவில்லை. 1928 ஜூன் மாதம் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஜனநாயகக் கட்சி அவரை அதிபர் வேட்பாளராக்கியது. ஒரு பெரிய கட்சியின் முதல் கத்தோலிக்க வேட்பாளர். அந்த மாநாட்டு அரங்கில் கறுப்பின மக்கள் கம்பி வலை கட்டிய பகுதியில் தனியே அமர்த்தப்பட்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பின உரிமைக்கு ஆதரவாக ஓர் அறிக்கை விடும்படி கேட்டவர்களுக்கு ஆல் ஸ்மித் இணங்கவில்லை. தெற்கின் வெள்ளையர் வாக்குகளை இழக்க அவர் கட்சி விரும்பவில்லை. தனக்கு நேரும் அநீதியைத் தெளிவாகக் கண்ட கண்ணுக்கு, அருகில் நிற்பவருக்கு நேரும் அநீதி மங்கலாகவே தெரிந்தது. இது ஒரு நல்ல மனிதரின் வாழ்வில் உள்ள கறை.

அந்த இலையுதிர் காலத்தில் பரவிய வதந்திகளைப் படித்தால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்க முடிந்திருக்காது. நியூயார்க்கையும் நியூஜெர்சியையும் ஆற்றுக்கு அடியில் இணைக்கும் ஹாலண்ட் சுரங்கப்பாதை 1927-இல்தான் திறக்கப்பட்டிருந்தது. அதன் திறப்பில் ஆல் ஸ்மித் நிற்கும் படத்தைக் காட்டி, இது கடலுக்கு அடியில் வத்திக்கான் வரை போகும் இரகசிய வழி என்று சொல்லித் திரிந்தார்கள். 1926-இல் சிக்காகோ நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தையின் தூதர் கர்தினால் பொன்சானோவின் மோதிரத்தை அவர் முழந்தாளிட்டு முத்தி செய்தது பெரும் குற்றச்சாட்டாகச் சுற்றி வந்தது. மாவீரர் கொலம்பஸ் சங்கத்தாரின் உறுதிமொழி என்ற பெயரில், புரோட்டஸ்டண்டுகளைக் கொல்லச் சபதம் செய்வதாக ஒரு போலித் தாள் கிராமம் கிராமமாக அச்சடித்துக் கொடுக்கப்பட்டது. அரசின் உயர் வழக்கறிஞர் பதவியிலிருந்த ஒரு பெண்மணியே ஒஹாயோவில் மெத்தடிஸ்ட் போதகர்களிடம் தங்கள் சபை மக்களை ஆல் ஸ்மித்துக்கு எதிராகத் திரட்டும்படி கேட்டார். மனைவி கேட்டியையும் விடவில்லை. அடுக்குக் குடியிருப்பில் வளர்ந்த பெண் வெள்ளை மாளிகைக்குத் தகுமா என்று சீமாட்டிகள் கேட்டார்கள். அப்போது வானொலி புதிது. ரேடியோ என்பதையே ராடியோ என்று உச்சரிக்கும் அவருடைய நியூயார்க் தெருப் பேச்சும், வாயில் சுருட்டும், பழுப்புத் தொப்பியும் நாட்டுப்புற மக்களுக்கு அந்நியமாக இருந்தன. அவருடைய மதத்தை வெறுத்தவர்கள் எத்தனை பேர், அவருடைய ஊரை வெறுத்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதற்கு எதிராகப் பேசிய புரோட்டஸ்டண்ட் போதகர்களும் பலர் இருந்தார்கள். எதிர் வேட்பாளர் ஹெர்பர்ட் ஹூவர் க்வேக்கர் சபையைச் சேர்ந்தவர். மதச் சகிப்புத்தன்மையை ஆதரிப்பதாகப் பொதுவாகச் சொன்னாரே தவிர, தம் ஆதரவாளர்களைக் கடிந்து அடக்கவில்லை.

செப்டம்பர் 20-ஆம் நாள் ஆல் ஸ்மித் ஓக்லஹோமா நகரில் பேச வேண்டியிருந்தது. அவருடைய இரயில் அந்த மாநிலத்துக்குள் வந்தபோது வயல்வெளிகளில் சிலுவைகள் எரிந்து கொண்டிருந்தன. நாம் முத்தி செய்யும் சிலுவை, ஒரு கிறிஸ்தவரை அச்சுறுத்துவதற்காகக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக் கொண்டவர்களால் கொளுத்தப்பட்டது. விவசாயம் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றிப் பேசுவதே மேல் என்று அவர் முடிவு செய்தார். ஆலோசகர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். பகைமை நிறைந்த அந்த அரங்கில் வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுத்தார். தான் கத்தோலிக்கர் என்பதற்காக யாரும் தனக்கு எதிராக வாக்களிக்க வேண்டாம் என்றார். அத்துடன் நிறுத்தவில்லை. தான் கத்தோலிக்கர் என்பதற்காக எந்தக் கத்தோலிக்கரும் தனக்கு வாக்களிக்கவும் வேண்டாம் என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை.

நவம்பர் 6-இல் முடிவு வந்தது. ஹூவருக்கு 444 தேர்வாளர் வாக்குகள், ஆல் ஸ்மித்துக்கு 87. மக்கள் வாக்கில் ஹூவர் 58 விழுக்காடு பெற்றார். இவர் 41 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நான்கு முறை ஆளுநராக்கிய நியூயார்க் மாநிலமே அவரைக் கைவிட்டது. தனக்குப் பின் ஆளுநராக நிற்கும்படி அவர் வற்புறுத்திய ரூஸ்வெல்ட்டோ அதே நாளில் அங்கே வென்றார். எந்த ஜனநாயகக் கட்சிக்காரரும் அந்த ஆண்டு வென்றிருக்க முடியாது, நாடு செழிப்பாக இருந்தது என்று சில வரலாற்றாசிரியர் சொல்வர். 1979-இல் ஆலன் லிக்ட்மன் வாக்கு எண்ணிக்கைகளை மாவட்ட வாரியாக ஆராய்ந்து, மதுவிலக்கையும் நகர-கிராமப் பிளவையும் விட மதமே பெரிய காரணம் என்று முடிவு செய்தார். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. தோற்றிருப்பார், ஆனால் இப்படித் தோற்றிருக்க மாட்டார். அவர் வென்ற எட்டு மாநிலங்களில் ஆறு, கத்தோலிக்கர் பெரும்பாலும் குறைவாக வாழ்ந்த, கறுப்பினத்தவருக்கு வாக்கு மறுக்கப்பட்ட தெற்கு மாநிலங்கள் என்பதும் வரலாற்றின் ஒரு கசப்பு. மற்ற இரண்டு, கத்தோலிக்கர் நிறைந்த மாசசூசெட்ஸும் ரோட் ஐலண்டும். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்கள், அதுவரை வாக்களித்தே இராதவர்கள், வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அந்த வாக்காளர்கள்தான் 1932-இல் ரூஸ்வெல்ட்டை வெற்றிபெறச் செய்தவர்களில் ஒரு பெரும் பகுதி.

தேர்தல் முடிந்ததும் ஆல் ஸ்மித் திருத்தந்தைக்கு, மூட்டையை அவிழ்த்து வைத்துவிடும்படி தந்தி கொடுத்தார் என்று ஒரு நகைச்சுவை நாடெங்கும் உலவியது. அவர் உண்மையிலேயே உரோமைக்குப் போய்த் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரைச் சந்தித்தது 1937-இல்தான்.

தோல்வியின் காயம் ஆறவில்லை. 1931 மே முதல் நாள் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டட நிறுவனத்தின் தலைவராக இருந்தார். உலகின் மிக உயர்ந்த கட்டடம், பொருளாதார வீழ்ச்சியால் பாதி காலியாகக் கிடந்தது. 1932-இல் மீண்டும் வேட்பாளராக முயன்று ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார். பின்பு பெரும் பணக்காரர்கள் சேர்ந்து அமைத்த ஒரு சங்கத்தில் சேர்ந்து, 1936-இல் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை மாஸ்கோவின் கம்யூனிசத்துக்கு ஒப்பிட்டுப் பேசினார். அந்தத் திட்டங்களை வகுத்தவர்கள் யார்? ட்ரையாங்கிள் தீக்குப் பின் அவரோடு தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கிய பிரான்சிஸ் பெர்கின்ஸும் இராபர்ட் வாக்னரும். பெர்கின்ஸ் அப்போது தொழிலாளர் அமைச்சர். தாம் செய்வதெல்லாம் ஆல் ஸ்மித்திடம் கற்றது என்று அவர் கடைசி வரை நன்றியோடு நினைத்தார். மனக்கசப்பு மனிதனைத் தன் சொந்தப் பிள்ளைகளையே அடையாளம் காண முடியாதவனாக்கி விடுகிறது போலும்.

ஆனால் கசப்பு முழுவதையும் விழுங்கிவிடவில்லை. இட்லர் பதவிக்கு வந்த இரண்டே மாதத்தில், 1933 மார்ச் 27-இல், யூதர்களுக்கு எதிரான கொடுமைகளைக் கண்டித்து நியூயார்க்கில் நடந்த மாபெரும் கூட்டத்தில் ஆல் ஸ்மித் பேசினார். வயல்வெளியில் எரிந்த சிலுவையைப் பார்த்தவருக்கு அது எங்கே கொண்டு போய்விடும் என்று தெரிந்திருந்தது.

அவருடைய மடல் என்ன ஆயிற்று? 1960 செப்டம்பர் 12-இல் ஜான் கென்னடி, ஆல் ஸ்மித் வேட்பாளராக்கப்பட்ட அதே ஹூஸ்டன் நகரில், புரோட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று அதே கேள்விக்குப் பதில் சொன்னார், வென்றார். இயேசு சபை அருள்தந்தை ஜான் கோர்ட்னி மர்ரே, மத உரிமை கத்தோலிக்கப் போதனைக்கு முரணானதல்ல என்று எழுதியதற்காக 1955-இல் அந்தப் பொருளில் எழுதுவதை நிறுத்தும்படி மேலிடத்தால் அறிவுறுத்தப்பட்டார். பின்பு அவரே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு வல்லுநராக அழைக்கப்பட்டார். 1965 டிசம்பர் 7-இல் மனித மாண்பு என்ற சமய உரிமை அறிக்கை, 2308 ஆயர்கள் ஆதரிக்க, 70 பேர் எதிர்க்க, நிறைவேறியது. மனச்சான்றை யாரும் வற்புறுத்தக் கூடாது, அரசும் கூடாது என்று அது சொல்கிறது. மார்ஷலின் கேள்விக்கு உரோமையிலிருந்து வந்த பதில் அதுதான். அதைப் பார்க்க ஆல் ஸ்மித் இல்லை.

கடைசி ஆண்டுகளில் அவர் நியூயார்க்கின் நடுவே சென்ட்ரல் பூங்காவை ஒட்டிய வீட்டில் வாழ்ந்தார். சிறுவயது முதலே விலங்குகள் என்றால் அவருக்கு உயிர். 1934-இல் பூங்காவின் உயிரியல் காட்சிசாலை புதுப்பிக்கப்பட்டபோது, பூங்கா ஆணையர் இராபர்ட் மோசஸ் தன் பழைய தலைவருக்கு மதிப்புறு இரவுக் காவலர் என்று ஒரு பட்டம் கொடுத்து, சாவியையும் கொடுத்தார். எல்லாரும் போன பின் இரவில் அவர் தெருவைக் கடந்து உள்ளே போய், கூண்டு கூண்டாக நின்று விலங்குகளோடு பேசிக்கொண்டிருப்பார். சில சமயம் விருந்தினர்களையும் அழைத்துப் போவார். நாடாளும் பதவிக்கு நின்ற மனிதருக்கு அதில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு பலர் வியந்தார்கள்.

1944 மே 4-இல் கேட்டி இறந்தார். அதன் பின் ஆல் ஸ்மித் தேறவே இல்லை. சரியாக ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 4-ஆம் நாள், தமது 70-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அது அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாள். உடல் புனித பத்ரீசியார் பேராலயத்தில் வைக்கப்பட்டது. மீன் சந்தைக்காரர்களும் நீதிபதிகளும் ஒரே வரிசையில் வந்தார்கள். குவீன்ஸ் பகுதியில் உள்ள கல்வாரிக் கல்லறைத் தோட்டத்தில், கேட்டியோடு அடக்கம் செய்யப்பட்டார்.